தீயலுக்கு எந்த வைன்? தேங்காயைப் பார்த்து ஜூரா புட்டி திறக்கும் முறை

மீனுக்கு வெள்ளை வைன், இறைச்சிக்குச் சிவப்பு வைன் என்ற பழைய கணக்கு குமரி மாவட்டத்து அடுக்களையில் எடுபடாது. ஒரே நெய்மீனை இங்கே மூன்று விதமாக வைக்கலாம். பச்சைத் தேங்காய் அரைத்து மாங்காய் போட்டால் அவியல். தேங்காயை வறுத்தரைத்தால் தீயல். தேங்காயே சேர்க்காமல் வத்தலும் (காய்ந்த மிளகாய்) குடம்புளியும் மட்டும் போட்டால் செக்கச் சிவந்த கறி. மீன் ஒன்றுதான், நாக்குக்கு மூன்றும் மூன்று சாப்பாடு. ஆகவே புட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மீனைப் பார்க்க வேண்டாம். தேங்காய் பச்சையா வறுத்ததா என்று பாருங்கள்.

இந்தக் கணக்குக்கு ஜூரா வைன் போல் பொருந்தும் இன்னொன்று ஃபிரான்சில் கிடைப்பது அரிது. ஜூரா அந்த நாட்டின் கிழக்கு ஓரம், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே கிடக்கிறது. திராட்சை பயிராகும் நிலம் சுமார் 2,000 ஹெக்டேர்தான். 19-ஆம் நூற்றாண்டில் இதைப்போலப் பத்து மடங்கு இருந்தது. ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து அழித்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊர் இங்கேதான் இருக்கிறது. வைன் ஏன் கெட்டுப்போகிறது என்பதை அவர் ஆராய்ந்ததும் இந்தப் பக்கத்துப் புட்டிகளை வைத்துத்தான். எந்த ஊர்ப் பெயரை எந்த வைனுக்குப் போடலாம் என்று வரையறுக்கும் ஊர்ப்பெயர்ச் சட்டத்தை 1936-இல் ஃபிரான்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது முதல் வரிசையில் இடம்பெற்ற ஊர்களில் ஆர்புவாவும் ஒன்று.

ஐந்து வகைத் திராட்சை உண்டு. வெள்ளையில் ஷார்தொனே, சவாஞான். சிவப்பில் புல்சார், த்ரூஸோ, பினோ நுவார். ஆனால் திராட்சையின் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறுவீர்கள். ஒரே சவாஞானை இரண்டு வழியில் வளர்க்கிறார்கள். அந்த இரண்டும் பச்சைத் தேங்காய்க்கும் வறுத்த தேங்காய்க்கும் உள்ள தூரம் அளவுக்கு வேறுபட்டவை.

முதல் வழியில், பீப்பாயிலிருந்து ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்று படாது. வைன் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசத்தோடு தெளிவாக இருக்கும். புட்டியில் உய்யே என்று போட்டிருப்பார்கள் (ஓ, யு, ஐ, எல், எல், ஈ என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள்). இரண்டாவது வழியில் நிரப்ப மாட்டார்கள். குறையக் குறைய மேலே ஈஸ்ட் ஓர் ஆடையாகப் படியும். ஊறுகாய்ப் பரணியில் வெள்ளையாக ஆடை படிந்தால் நாம் வழித்துப் போடுவோம். அங்கே அதைக் கலையாமல் காப்பாற்றுவதுதான் தொழில். அந்த ஆடை காற்றை மட்டுப்படுத்தி வைனைப் புளித்துக் காடியாகாமல் காக்கிறது, கூடவே மணத்தையும் மாற்றிவிடுகிறது. இதற்கு ஸூ வுவால், அதாவது ஆடைக்கு அடியில் வளர்ந்தது என்று பெயர் (எஸ், ஓ, யு, எஸ்; வி, ஓ, ஐ, எல், இ). சிலர் இரண்டையுமே எழுதாமல் விட்டுவிடுவார்கள். அப்போது கடைக்காரரிடம் ஊற்றி நிரப்பியதா, ஆடை விட்டதா என்று நேராகக் கேளுங்கள். கேட்காமல் வாங்கிவந்து, அவியலோடு ஆடை வைனை ஊற்றி, "இது கெட்டுப்போச்சு" என்று முகம் சுளிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஆடைக்கு அடியில் வளர்ந்ததில் உச்சம் வான் ஜோன், மஞ்சள் வைன். சவாஞான் மட்டும்தான் போடலாம். அறுவடைக்குப் பின் ஆறு ஆண்டு தாண்டிய பிறகே விற்பனைக்கு வரும். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது 62 செண்டிலிட்டர் என்பது அங்கத்திய கணக்கு. அதனால் புட்டியும் க்லாவ்லான் என்னும் குட்டையான புட்டி, சரியாக 62 செண்டிலிட்டர். இதிலும் பேர்போனது ஷாத்தோ ஷலோன் என்ற குன்றின்மேல் ஊர். அறுவடைக்கு முன் குழு ஒன்று தோட்டம் தோட்டமாகப் பார்க்கும். பழம் தரமில்லை என்றால் அந்த வருஷம் அந்தப் பெயரில் ஒரு புட்டியும் கிடையாது. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். இப்போது விலை ஃபிரான்சிலேயே பெரும்பாலும் 35 யூரோவுக்கு மேல்.

இனி விஷயத்துக்கு வருவோம். வான் ஜோனை முகர்ந்தால் வாதாம், அக்ரூட், கறிமசாலா என்று வெள்ளைக்காரர்கள் எழுதுவார்கள். நம் மூக்குக்கு அது எண்ணெயில் பொரிந்த வெந்தயம். கற்பனையில்லை. ஆடைக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது உண்டாகும் சோட்டலோன் என்ற பொருள்தான் வெந்தயத்துக்கும் (விளவங்கோடு பக்கம் உலுவா என்போருக்கும் சேர்த்தே சொல்கிறோம்) மணம் தருவது. இரண்டிலும் ஒரே மூலக்கூறு. அதோடு வறுத்த தேங்காயின் கொட்டை வாசமும் சேர்ந்தால் உள்ளித்தீயல் (சின்ன வெங்காயத் தீயல்) முன்னால் இந்த வைன் அந்நியமாகத் தெரியாது.

ஆனால் நாம் அன்றாடம் வைக்கும் தீயலை அப்படியே வைத்துக்கொண்டு வைனைத் திறந்தால் வைன் தோற்றுவிடும். காரணம் இரண்டு. வத்தல் ஒன்று. வான் ஜோனில் ஆல்கஹால் 13 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், வேறெதுவும் தெரியாது. புளி இன்னொன்று. புளியின் முக்கிய அமிலம் டார்டாரிக். திராட்சையின் முக்கிய அமிலமும் அதுவே. கறி வைனைவிடப் புளிப்பாக இருந்தால் வைன் தண்ணீர்போல் சப்பென்று ஆகிவிடும். வைன்தான் ஒரு படி புளிப்பு கூடி நிற்க வேண்டும். சவாஞானில் புளிப்பு தாராளம் என்பதால் புளியைப் பாதியாக்கினால் போதும், விட்டுவிட வேண்டியதில்லை.

நாலு பேருக்கு அளவு இது. சின்ன உள்ளி 250 கிராம். துருவிய தேங்காய் 120 கிராம். வத்தல் மூன்று, விதை தட்டியது (வழக்கமாக ஏழெட்டு போடுவோம்). முழுக் கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி. நல்லமிளகு அரைத் தேக்கரண்டி. வெந்தயம் கால் தேக்கரண்டி. புளி 12 கிராம், அதாவது சிறிய நெல்லிக்காய் அளவு. கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, தேங்காயெண்ணெய்.

தேங்காயை அடிகனமான சட்டியில் சிறு தீயில் வறுக்கத் தொடங்குங்கள். 15 முதல் 18 நிமிடம் ஆகும், கரண்டி நிற்கக் கூடாது. பொன்னிறத்தில் நிறுத்தினால் தீயல் ஆகாது. காப்பிப்பொடி நிறத்துக்கு ஒரு படி முன்னால் இறக்க வேண்டும். கருகினால் கசக்கும். அந்தக் கசப்பை வைன் இரட்டிப்பாக்கும், பிறகு எதைச் சேர்த்தாலும் சரியாகாது, தூரப் போட்டுவிட்டு மறுபடி வறுப்பதே மேல். வத்தல், மல்லி, மிளகு மூன்றையும் தேங்காய் பாதி சிவந்ததும் போடுங்கள். வெந்தயத்தை மட்டும் கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள், அது சட்டென்று கருகும். சட்டியை இறக்கிய பிறகும் சூட்டில் வறுபடும் என்பதால் உடனே தட்டில் பரப்பி ஆறவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் எண்ணெய் விடும்வரை அரையுங்கள். உள்ளியைத் தேங்காயெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, புளித்தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கொதித்ததும் அரைத்த மசாலாவைக் கலக்கி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சிறு தீயில் வையுங்கள். காலையில் வைத்து ராத்திரி சாப்பிட்டால் ருசி கூடும். தீயலுக்கு இது தெரிந்த கதைதான். வான் ஜோனுக்கும் அதே கதை. காலையில் கார்க்கைத் திறந்து வைத்து ராத்திரி ஊற்றினால் மணம் விரியும்.

உள்ளிக்குப் பதில் கணவாய் போட்டால் இந்தச் சேர்க்கை இன்னும் கனம் பிடிக்கும். கோழி வறுத்தரைச்ச கறியும் இதே கணக்கு, பட்டையையும் கிராம்பையும் மட்டும் அடக்கிப் போடுங்கள். மாறாமலைக் கிராம்பு வாசம் அதிகம், கிலோவுக்கு இரண்டு போதும். மேலே வறுத்த தேங்காய் தூவிய பூசணி எரிசேரியும் நன்றாகவே ஒட்டும். சைவ வீட்டுக்கு அதுதான் எங்கள் முதல் யோசனை. சாப்பாட்டுக்கு முன் கொறிக்க, ஜூராவில் அக்ரூட்டும் கோந்தே பாலாடைக்கட்டியும் வைப்பார்கள். நமக்கு அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) இருக்கிறது. உப்புத் தண்ணீர் தெளித்து, எண்ணெய் இல்லாமல் வறுத்தது. கடையில் பழுத்த செடார் கிடைத்தால் அதையும் கூட வைக்கலாம். பதப்படுத்திய சீஸ் துண்டு வேண்டாம்.

ஜூராக்காரர்கள் கோழியை வான் ஜோனிலேயே வேகவைத்து, க்ரீமும் மோரெல் காளானும் சேர்ப்பார்கள். தேங்காய்ப்பாலில் இதைச் செய்யலாம். ஆனால் சமையலுக்கு வான் ஜோன் ஊற்றாதீர்கள், காசு கரையும். ஆடைக்கு அடியில் வளர்ந்த சாதாரண சவாஞான் போதும். அதுவும் இல்லையென்றால் ஸ்பெயினின் ஃபீனோ ஷெரி. அதுவும் ஈஸ்ட் ஆடைக்கு அடியில் வளர்வதுதான். ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கு 150 மில்லி வைன். கோழியை வதக்கியதும் ஊற்றி, மூடாமல் பாதியாக வற்ற விடுங்கள். மூடினால் ஆல்கஹால் உள்ளேயே நின்று கறி கசக்கும். பிறகு இரண்டாம் பால் ஊற்றி வேகவைத்து, இறக்கும் முன் கெட்டியான முதல் பால் 200 மில்லி. அது ஊற்றியபின் கொதிக்கக் கூடாது. வைனின் புளிப்பு இருப்பதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரிந்துவிடும். இறக்கிய பிறகு ஒரு மேசைக்கரண்டி வைனைப் பச்சையாக விட்டால் பறந்துபோன மணம் திரும்பும்.

பச்சைத் தேங்காய்க் கறிகளுக்கு ஊற்றி நிரப்பிய வெள்ளைதான். மாங்காய் போட்ட நெத்திலி அவியல், ஓலன், ஆப்பமும் தேங்காய்ப்பாலும், நண்டு எல்லாம் இதில் அடங்கும். தேங்காயின் கொழுப்பை வெட்ட வைனில் புளிப்பு வேண்டும், மணம் அடக்கமாக இருக்க வேண்டும். உய்யே ஷார்தொனே பத்திரமான தேர்வு. உய்யே சவாஞான் இன்னும் கூர்மை, மாங்காய் புளிப்பாக இருந்தால் அதை எடுங்கள். பச்சை மிளகாய் நாலுக்கு இரண்டாகட்டும்.

தேங்காயெண்ணெயில் பொரித்தது எதுவாயினும் நுரை வைன். இங்கே அது கிரேமான் து ஜூரா. ஷாம்பெய்ன் செய்யும் முறையிலேயே, புட்டிக்குள் இரண்டாவது தடவை நொதிக்க விட்டுச் செய்வது. நாகர்கோவில் ஏத்தங்காய் சிப்ஸோடு ஒரு தடவை குடித்துப் பாருங்கள். உப்பும் எண்ணெயும் மொறுமொறுப்பும் கேட்பது இந்த நுரையைத்தான். பொரித்த நெத்திலிக்கும் அதுவே.

சிவப்பு வைன் இரண்டைச் சொல்ல வேண்டும். புல்சார் சிவப்பென்று பெயருக்குத்தான், பார்த்தால் தண்ணீர் கலந்த ரோஸ்மில்க் போல் வெளிறி இருக்கும். கலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள், தோல் மெல்லிய திராட்சை அது. துவர்ப்பு குறைவு. பொதுவாகச் சிவப்பு வைன் மீனோடு சேராததற்கு ஒரு காரணம், வைனில் உள்ள இரும்பு மீனெண்ணெயோடு சேர்ந்து வீச்சத்தைக் கிளப்புவது. துவர்ப்பும் வாயைச் சுருக்கும். புல்சாரில் துவர்ப்புத் தொல்லை குறைவு என்பதால், மசித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மஞ்சள், நல்லமிளகு தடவிப் பொரித்த அயிலையும் இருந்தால் தைரியமாக ஊற்றலாம். சாளை (மத்தி) குழம்போடு வேண்டாம், அந்த எண்ணெய்க்கு இதுவும் தாங்காது. புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். காற்றில்லாமல் அடைபட்ட புல்சாருக்கு அது வழக்கம். கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் கலக்கி அரைமணி நேரம் வைத்தால் போகும். த்ரூஸோ இன்னும் கறுப்பு, இன்னும் திடம். நல்லமிளகு போட்டு, தேங்காய்க்கொத்து சேர்த்து வறட்டிய மாட்டிறைச்சிக்கு அதுதான் ஜோடி. கிறிஸ்துமஸ் பன்றிக்கறிக்கும் அது சரிப்படும்.

இனிப்பில் வான் து பாய், வைக்கோல் வைன். பறித்த குலைகளை வைக்கோலிலோ பெட்டியிலோ, தொங்கவிட்டோ ஆறு வாரமாவது உலர்த்தி, உலர்ந்த திராட்சையைப் பிழிந்து செய்வது. 37.5 செண்டிலிட்டர் சிறு புட்டியில் வரும். சட்டம் ஒன்றே: பலகாரத்தைவிட வைன் இனிப்பாக இருக்க வேண்டும். அடைப்பிரதமனும் சக்கைப் பிரதமனும் இந்தச் சட்டத்தில் தேறாது, வைன் புளித்தண்ணீராகத் தெரியும். முந்திரிக்கொத்து தேறும், ஏனென்றால் அதில் பயறுதான் முன்னால் நிற்கிறது. சுட்ட மட்டிப்பழம் அதைவிட மேல். மக்வான் என்பது நொதிக்காத திராட்சைச் சாற்றில் பிராந்தி கலந்து வைத்தது, 16 முதல் 22 சதவீதம் ஆல்கஹால். சாப்பாட்டுக்கு முன் சில்லென்று ஒரு வாய்க்கு மேல் வேண்டியிருக்காது. பரணியில் ஊறிய வீட்டு கிறிஸ்துமஸ் வைனுக்குப் பழகியவர்களுக்கு இந்த இரண்டும்தான் எளிதில் பிடிக்கும். மற்ற ஜூரா வைன்களில் பெரும்பாலும் இனிப்பு தெரியாது என்று முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

எதோடும் சேராதவை: ரசம், சாம்பார், நாரத்தங்காய், எந்த ஊறுகாயும். ஓணத்துச் சாப்பாடாக இலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிமாறினால் அன்றைக்கு வைனை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சூடு. புட்டியில் அறை வெப்பத்தில் பரிமாறவும் என்றிருந்தால் அது ஜூராவின் அறை, 16 டிகிரி. நம் அறை 30. அந்த வெப்பத்தில் எந்த வைனும் ஸ்பிரிட் வாடைதான் அடிக்கும். கிரேமான், மக்வான் 6 முதல் 8 டிகிரி. வைக்கோல் வைன் 8 முதல் 10. உய்யே வெள்ளை 10 முதல் 12. புல்சார் 12 முதல் 14. த்ரூஸோ, வான் ஜோன் 14 முதல் 16. பாதி ஐஸ், பாதித் தண்ணீர் நிறைந்த வாளியில் கழுத்துவரை முக்கினால், 30 டிகிரியில் இருக்கும் புட்டி ஏறத்தாழ 12 நிமிடத்தில் 15-க்கும், 20 நிமிடத்தில் 10-க்கும், 25 நிமிடத்தில் 7-க்கும் வரும். வெறும் ஐஸில் செருகினால் இந்த வேகம் வராது, தண்ணீர்தான் குளிரைக் கடத்தும். வான் ஜோனை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் 40 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். மிகக் குளிர்ந்தால் வெந்தய மணம் அடங்கி வெறும் புளிப்பு மட்டும் மிஞ்சும். கோப்பையில் 60 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், குடித்து முடிப்பதற்குள் சூடாகிவிடும். ஜூராவில் சிவப்பை முதலிலும் வெள்ளையைப் பின்னாலும் பரிமாறுவார்கள். வான் ஜோனுக்குப் பிறகு புல்சார் குடித்தால் நாக்குக்கு ஒன்றும் எட்டாது. வரிசை கிரேமான், புல்சார், உய்யே வெள்ளை, கடைசியில் வான் ஜோன்.

டாஸ்மாக் எலைட் கடையில் வெளிநாட்டு வைன் இருக்கலாம், ஜூராவை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். கப்பலிலோ ஃபிரான்சிலோ இருக்கும் சொந்தக்காரர் வரும்போது சொல்லிவிடுவதுதான் வழி. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர். க்லாவ்லான் மூன்று என்றால் 1.86 லிட்டர், உள்ளே அடங்கும். சாதாரண 75 செண்டிலிட்டர் புட்டி இரண்டும் வைக்கோல் வைன் ஒன்றும் சேர்ந்தால் 1.875. முதல் தடவைக்கு எங்கள் தேர்வு ஒரு க்லாவ்லான், ஒரு உய்யே சவாஞான், ஒரு வைக்கோல் வைன். 1.745 லிட்டர் ஆகிறது. திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை வழியாக வருகிறவர்கள் ரசீதைக் கையிலேயே வைத்திருக்கட்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பதில்லை, வீட்டிலும் அந்தக் கணக்கையே வையுங்கள்.

வந்து சேர்ந்த புட்டியின் கார்க் வெளியே துருத்திக்கொண்டும் கழுத்து பிசுபிசுப்பாகவும் இருந்தால் வழியில் வெயில் பட்டிருக்கிறது. அதை முதலில் திறந்து தீர்த்துவிடுங்கள். நனைந்த சாக்கு வாடை வந்தால் கார்க் கெட்டது, சமையலுக்கும் ஆகாது. வான் ஜோனில் நகப்பூச்சு வாடை மூக்கில் ஏறினால் அது காடியாகத் தொடங்கிவிட்டது. வெந்தயமும் கொட்டையும் மணந்தால் அதுதான் சரியான மணம்.

வைத்திருப்பதற்கு ஓட்டு வீட்டு மச்சும் அடுக்களை அலமாரியும் ஆகாது. ஃபிரிட்ஜின் அடித்தட்டு, அதுவும் மீன் வைக்காத தட்டு. இடமில்லையென்றால் மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் சாய்த்து வைத்து, வீட்டில் குளிர்ந்த அறையின் தரையில் வையுங்கள். மின்சாரம் போனாலும் சூடு மெல்ல மெல்லத்தான் ஏறும். திறந்தபின் கிரேமான் மறுநாளைத் தாண்டாது, புல்சார் இரண்டு நாள், உய்யே வெள்ளை மூன்று நாள், வைக்கோல் வைன் இரண்டு வாரம். வான் ஜோன் காற்றை முன்பே பார்த்துவிட்டது. கார்க்கை அடைத்து நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு வாரம் தாராளமாக நிற்கும், அதற்குள் ஐந்தாறு தடவை தீயல் வைத்துவிடலாம்.